எங்கள் கறையைக் காப்பாற்றுங்கள்

கார்த்திகை 18, வியாழன்

என் பெயர் பக்கிரிசாமி. இதை நானே எழுதுகிறேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அது அப்படியே இருக்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். இது போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நடுத்துறை மீன் ஏலக் கொட்டகையில் ஐஸ் பார் உடைத்தவன் நான். அதே கொட்டகையில் இப்போது சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. மணிமொழி டீச்சர் சொல்லித் தருகிறார். வயதில் என் பேத்தி மாதிரி, அதட்டலில் என் அம்மா மாதிரி. பென்சிலை நான் கம்பி பிடிப்பதுபோல் பிடிக்கிறேனாம். "மெதுவா ஐயா. பேப்பர் ஐஸ் இல்ல, உடைஞ்சுடும்" என்கிறார். தினமும் முடிந்ததை எழுத வேண்டும், பேசுவதுபோல் அல்லாமல் புத்தகத்தில் இருப்பதுபோல் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு. என் மனைவி அமிர்தத்திடம் முதல் வரியைப் படித்துக் காட்டினேன். "எந்த ஊரு கலெக்டரு இவரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீடு கீழத்தெருவில் கடைசி வீடு. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தெரு இது. கடல் இனிமேல் எட்டக் கூடாது என்று தள்ளிக் கட்டினார்கள். அப்போதெல்லாம் வீட்டிலிருந்து கறைக்கு நடந்தால் மணலில் கால் வெந்துவிடும், அவ்வளவு தூரம். இப்போது அடுப்படியில் நின்றாலே கறை தெரிகிறது. வசதிதான்.

கார்த்திகை 20, சனி

இதுவரை நிறத்தைப் பார்த்துப் பேருந்தில் ஏறினேன். இன்று அதன் நெற்றியைப் படித்துவிட்டு ஏறினேன். எங்கும் போக வேண்டிய வேலை இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

கார்த்திகை 24, புதன்

திருப்பூரிலிருந்து மகன் சோமு பேசினான். "ரூம் பார்த்து வெச்சிருக்கேன்ப்பா. அம்மாவ அழைச்சுக்கிட்டு வந்துடுங்க."

எனக்கு வகுப்பு இருக்கிறது என்றேன்.

"இந்த வயசுல பரீட்சை எழுதி வேலைக்கா போகப் போறீங்க?"

போனாலும் போவேன் என்று சொல்லிவிட்டு போனை அமிர்தத்திடம் கொடுத்தேன். அவள் வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அடுப்படியின் பின்சுவரில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. காற்று வருகிறது. வெயில் காலத்துக்கு நல்லது.

அவரவர் தொழிலைப் பற்றி எழுதும்படி டீச்சர் சொன்னார். நான் எழுதியது: 'முன்பு விடியலில் உடைத்த ஐஸ் மதியம்வரை மீனைக் காத்தது. இப்போது லாரி வருவதற்குள் தண்ணீராகிவிடுகிறது.' டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் படிக்க வைத்தார். பிறகு சொன்னார், காற்று சூடாகிறது, கடலும் சூடாகிறது, சூடான கடல் மேலே ஏறுகிறது, புயலுக்கு வலு கூடுகிறது என்று.

பக்கத்து வீட்டு அஞ்சலையும் என்னோடு படிக்கிறாள். கூடையில் மீன் விற்பவள். அவள் கேட்டாள், "சூடாக்குனது யாரு டீச்சர்?"

"எல்லா ஊர்லயும் எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல், டீசல். அந்தப் புகைதான் அக்கா. பெரிய பெரிய ஊர்ல ரொம்ப அதிகம்."

"நான் எரிக்கிறது ஒத்த அடுப்பு. கடலு வழி தவறி என் வீட்டுக்கு வந்துட்டுது போல."

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

கார்த்திகை 28, ஞாயிறு

தண்ணீர் வந்தது. நோட்டு நனையவில்லை.

மார்கழி 2, புதன்

இரண்டு வரி போதாது, நடந்ததை எழுதுங்கள் என்றார் டீச்சர். சரி.

புயல் அடித்த ஞாயிறு விடியும் நேரம் கடல் தெருவுக்குள் வந்தது. பாய்ந்து வரவில்லை. பால் பொங்குவதுபோல் ஏறி வந்தது. இடுப்பளவு. தெருவே மேலத்தெருக் கோயில் மண்டபத்துக்குப் போயிற்று. நான் நோட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அமிர்தத்தைப் பிடித்திருந்தேன்.

"அரிசித் தூக்க எடுங்கன்னா நோட்டக் கவ்விக்கிட்டு வர்றீங்களே. பூனைகூட குட்டியத்தான் கவ்வும்" என்றாள். வாயில் நோட்டு இருந்ததால் பதில் சொல்லவில்லை.

மறுநாள் வடிந்தது. அரிசி போயிற்று. கோழிக் கூண்டு கோழியோடு போயிற்று. பின்வாசல் படியும் காணோம். அந்தப் பக்கம் எனக்கு இனி வேலை இல்லை. கட்டிலை முன் அறைக்கு மாற்றிக்கொண்டோம்.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் சேறும் உப்பும். எல்லா வீடும் ஒரே அச்சில் கட்டியவை என்பதால் தெரு முழுவதும் ஒரே கோடாகப் போகிறது. அமிர்தம் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சா மறைஞ்சுடும்" என்றாள்.

மார்கழி 7, திங்கள்

அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வரைபடத்தோடு வந்தான். நடுத்துறைக்குத் தூண்டில் வளைவு கட்டப் போகிறார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டும் சுவர். அலையின் வேகத்தை முறிக்கும். வெகுநாளாகக் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

பிறகு அவன் படத்தை விரித்தான். கல் மேலத்தெருக் கோயிலோடு நின்றுவிடுகிறது. கீழத்தெருவுக்கு இல்லை.

"உங்க தெருவுல தண்ணி ஏறலன்னு பதிவாயிருக்கு பெரியவரே."

"யாரு பதிஞ்சது?"

"புயலன்னைக்கு எங்க ஆளு வந்து பார்த்தாரு. கோயில் வரைக்கும் வந்தாரு. அதுக்கு மேல வர முடியல."

"ஏன் முடியல?"

"தண்ணி நின்னுச்சாம்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அஞ்சலை போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். "இது எந்த ஊருன்னு கேப்பாங்க அக்கா. பொங்கல் முடிஞ்சு பெரிய இன்ஜினியர் வருவாங்க. நேர்ல பார்த்துத்தான் எல்லைய முடிவு பண்ணுவாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியணும்" என்றான். நல்ல பிள்ளைதான். டீ குடித்துவிட்டுப் போனான்.

கல் வராவிட்டால் கீழத்தெரு இன்னொரு புயலைத் தாங்காது. இதை அஞ்சலை சொன்னாள். நான் நோட்டைத் திறந்தேன். 'தூண்டில்' என்று ஒரு பக்கம் எழுதினேன். எத்தனை சுழி என்பதில்தான் சண்டை.

மார்கழி 12, சனி

ஊர்க்கூட்டம் போட்டோம். இன்ஜினியர் கண்ணில் படும்படி தெருமுனையில் பலகை நடுவதென்று முடிவு. யார் எழுதுவது என்றார்கள். "நம்ம பக்கிரி மாமா இருக்காருல்ல, படிச்ச மனுசன்" என்றாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கையில் பிரஷ் வந்துவிட்டது. படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்.

காலையில் தொடங்கி, சோற்று நேரத்துக்கு முடித்தேன்.

எங்கள் கறையைக் காப்பாற்றுங்கள்.

ஓர் எழுத்தும் கோணவில்லை. காய்ந்ததும் தூக்கி நட்டோம். மேலத்தெருவில் விசைப்படகு வைத்திருக்கும் சிங்காரம் வண்டியை நிறுத்திப் படித்தான். வண்டியோடு சாய்ந்துவிடுவான் போலச் சிரித்தான்.

"என்ன சித்தப்பா, எந்த சோப்புக் கம்பெனி?"

எனக்கு விளங்கவில்லை.

மார்கழி 13, ஞாயிறு

விளங்கிவிட்டது. சின்ன ர போட்டால் கரை, கடலோரம். பெரிய ற போட்டால் கறை, துணியில் படும் அழுக்கு. இரண்டும் என் வாயில் ஒன்றாகத்தான் வருகின்றன. இந்த நோட்டிலும் முதல் நாளிலிருந்தே தப்பாக எழுதியிருக்கிறேன். டீச்சர் ரப்பரை நீட்டினார். "வீட்டுக்குப் போய் அழிச்சுட்டு எழுதுங்க. பலகைய நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்."

வீட்டில் அமிர்தம் சுண்ணாம்பு ஊறவைக்கப் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி ஏன் தொங்குது?"

"கரைன்னு எழுதச் சொன்னாங்க. கறைன்னு எழுதிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லடி. இது வேற. இதோ, இந்த மாதிரிக் கறை." சுவரைத் தொட்டுக் காட்டினேன்.

தொட்ட விரலை எடுக்க மனம் வரவில்லை.

தண்ணீர் வந்ததற்கு இந்தத் தெருவில் கண்ணால் பார்க்கும்படி இருப்பது இது ஒன்றுதான். பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கும். இன்ஜினியர் பொங்கலுக்குப் பிறகு வருகிறார். வெள்ளை வெளேரென்ற தெருவைப் பார்ப்பார். தண்ணீர் ஏறவில்லை என்ற பதிவு சரிதான் என்று போய்விடுவார்.

கொட்டகைக்குத் திரும்பிப் போய் ரப்பரை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். பலகையில் தப்பில்லை என்றேன். ஏன் என்று சொன்னேன். டீச்சர் ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "ஐயா, உங்களுக்கு நான் மார்க் போட முடியாது" என்றார்.

மார்கழி 19, சனி

வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன், இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று. ஆண்கள் உடனே சரி என்கிறார்கள். வேலை மிச்சம். பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் ஐஸ் உருகிவிடும்.

அஞ்சலை என்னோடு சண்டைக்கு வந்தாள். "தை பொறந்ததும் எம் மவளப் பார்க்க வர்றாங்க மாமா. அழுக்குச் சுவரப் பார்த்துட்டு, வீட்ட இப்படி வெச்சிருக்கிறவ மவ எப்படி இருப்பான்னு கேக்க மாட்டாங்களா?"

"கடலு வந்து போன வீடுன்னு சொல்லு."

"கடலு வந்த வீட்டுக்கு எவன் பொண்ணு எடுக்க வருவான்?"

அவள் கேட்டது நியாயம். அடுத்த வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிட்டேன்.

மார்கழி 22, செவ்வாய்

அமிர்தம் என்னோடு பேசுவதில்லை. சோறு பேசுகிறது. உப்பு இல்லை.

மார்கழி 26, சனி

சிங்காரம் வகுப்புக்கே வந்துவிட்டான். "சித்தப்பா, எங்க தெருவுக்கு கல்லு உறுதியாயிருக்கு. நீங்க எல்லைய மாத்துங்கன்னு கிளம்புனா மறுபடி அளப்பாங்க, மறுபடி கையெழுத்து வாங்குவாங்க. அடுத்த புயலுக்குள்ள எங்களுக்கும் கல்லு வராது. ஒரு தெருவாவது பொழைக்கட்டுமே."

"எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான். கெட்டவன் இல்லை. அவன் வீட்டு வாசல் வரை தண்ணீர் வந்தது எனக்குத் தெரியும். பயந்தவன்.

"பொங்கலும் அதுவுமா தெருவ இப்படி வெச்சிருக்காதீங்க. சுண்ணாம்பு என் செலவு. ஆளும் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழி 28, திங்கள்

சொன்னபடி அனுப்பிவிட்டான். சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக நாலைந்து பேர் வந்தார்கள். கடைசி வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறான். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "தாத்தா, வழி விடுங்க. ஓசிலதானே அடிக்கிறோம்" என்று ஒருவன் என்னை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தான். ஐஸ் பாரைத் தூக்குவதுபோல. நான் இத்தனை இலேசாகிவிட்டேனா என்று யோசிப்பதற்குள் அமிர்தம் உள்ளேயிருந்து வந்தாள். அவன் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினாள்.

"யாரு வீட்டுச் சுவத்துல யாருடா அடிக்கிறது?"

"சிங்காரம் அண்ணன்தான்..."

"சிங்காரம் பொண்டாட்டி வீட்டுச் சுவரு அங்க இருக்கு. போய் அடி. என் வீட்டுக்கு அடிச்சா நான்தான் அடிப்பேன். அடிக்கலன்னாலும் நான்தான் அடிக்கல."

அஞ்சலை வந்தாள். எதிர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அவரவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். அவ்வளவுதான். பையன்கள் வாளிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அமிர்தம் இன்று என்னோடு பேசினாள். "அந்த வாளிய எடுத்து நிழல்ல வைங்க. நல்ல சுண்ணாம்பு, வீணாப் போவுது."

மார்கழி 30, புதன், போகி

விடிந்ததும் அமிர்தம் சிங்காரத்தின் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

கூரை ஓரத்திலிருந்து கீழே அடித்துக்கொண்டு வந்தாள். கோடு வரை வந்தாள். நிறுத்தினாள். கோட்டுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை. கீழே தொடவில்லை.

"பாதிச் சுவருக்குப் பண்டிகை. பாதிச் சுவருக்குச் சாட்சி. போதுமா உங்களுக்கு?" என்றாள்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஓடிப்போய்த் தன் வீட்டுக்கு ஒரு வாளி எடுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் தெரு முழுக்க அடித்துவிட்டார்கள். மங்கலாக இருந்த கோடு இப்போது தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. வெள்ளைச் சட்டையும் பழுப்பு வேட்டியும் கட்டிக்கொண்டு வீடுகள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது.

நான் இத்தனை நாளும் அடிக்காதே, அடிக்காதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

தை 1, வியாழன்

பொங்கல். உப்பு இருந்தது, சர்க்கரைப் பொங்கலில்கூட ஒரு கல் போட்டிருந்தாள். அஞ்சலை வீட்டுக்குப் பெண் பார்க்க வருபவர்கள் அடுத்த வாரம் வருகிறார்களாம். "என்ன கேட்டாலும் சொல்லிக்கிறேன் மாமா. கேக்கட்டும்" என்றாள்.

தை 13, செவ்வாய்

பெரிய இன்ஜினியர் ஒரு பெண். தெருமுனையில் இறங்கியதும் பலகையைப் படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

"ற தப்பாயிருக்கே."

"தப்பில்லம்மா. உள்ள வந்து பாருங்க."

உள்ளே வந்தார். நாலு வீடு தாண்டுவதற்குள் அவர் நடை மெதுவாகிவிட்டது. கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே சுவர் சுவராக வந்தார். கூட வந்தவர்கள் கருவியை வைத்துப் பார்த்தார்கள். கோடு மட்டம் தப்பவில்லை. கடல் இழுத்த கோடு அல்லவா. மேலத்தெருக்காரர்களும் வந்து நின்றார்கள். சிங்காரம் கடைசியில் நின்றான்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போனார். நான் போகவில்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"தெரு முடியிற வரைக்கும் கல்லு வரணும். அப்படியே எழுதிடுறேன்" என்றார்.

அஞ்சலை போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. சிங்காரம், "வேல தள்ளிப் போவுமா மேடம்?" என்றான். "மேலத்தெருவுல தொடங்கச் சொல்றேன். இது கூடச் சேரும். நிக்காது" என்றார். அவன் வந்து என் தோளில் கை வைத்தான். சுண்ணாம்பு என்ன ஆயிற்று என்று இரண்டு பேருமே பேசவில்லை.

பிறகு இன்ஜினியர் என்னைத் தனியாக அழைத்தார். "உங்க தெரு வளைவு இந்த முனையில, நெலத்துல இருந்துதான் தொடங்கணும் ஐயா. தொடங்குற எடத்துல உங்க வீடு நிக்குது. கல்லு இல்லன்னாலும் இந்த வீடு தாங்காது. பின்னால மண்ணே இல்ல. அடுப்படி அந்தரத்துல நிக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

நான் வாய் திறப்பதற்குள் அமிர்தம் சொன்னாள். "நல்லாத் தெரியும் மேடம். அந்தப் பக்கமே போக மாட்டாரு, அவ்வளவு நல்லாத் தெரியும்."

கார்த்திகையிலிருந்து அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவருக்குத்தான் வெள்ளையடித்தாள்.

"கல்லு போட்டா கடலு நிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச காலம் நிக்கும். அலைய வடக்கே பள்ளத்துறைக்குத் தள்ளும். அப்புறம் அங்கயும் போடணும். கடல் ஏறிக்கிட்டேதான் இருக்கு. சூடாகுறத நிறுத்தாம கல்லு மட்டும் போட்டுக்கிட்டே போனா முடிவு கிடையாது ஐயா."

"அதையும் எழுதுங்களேன்."

"என் தாள்ல அதுக்கு எடம் இல்ல."

"எங்க பலகையில இருக்கு" என்றேன்.

பலகையின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. அது நெடுஞ்சாலையைப் பார்த்த பக்கம். வெளியூர் வண்டிகள் போகிற பக்கம். அவர் போனதும் நீலப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். இருட்டுவதற்குள் முடித்தேன்.

சூடாக்கியவர்களே, இறங்கி வந்து பாருங்கள்.

எந்த இடத்தில் எந்த எழுத்து என்று யோசித்துத்தான் போட்டேன். 'இறங்கி'க்கு மட்டும் பெரிய ற, மற்ற இரண்டு இடத்திலும் சின்ன ர. டீச்சரிடம் காட்டினேன். சரி என்றார்.

தை 15, வியாழன்

அஞ்சலையின் முன் அறைக்குச் சாமான்களை மாற்றினோம். சம்பந்தி வீட்டார் வந்து சுவரைப் பார்த்து விசாரித்தார்களாம். கதை முழுவதும் சொன்னாளாம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க ஊருலயும் வந்துச்சு. நாங்கதான் வெள்ளையடிச்சுட்டோம்" என்றாளாம்.

சோமு பேசினான். "வீடுதான் போகப் போகுதே, இனிமேயாவது வாங்கப்பா."

வர முடியாது என்றேன். கீழத்தெருவின் முதல் கல் எங்கள் வீட்டு இடத்தில் விழப் போகிறது, அது நேராக விழுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்றேன். "கல்லு போடுறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்" என்றான்.

தை 20, செவ்வாய்

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பள்ளத்துறையிலிருந்து நாலு பேர் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இங்க பலகை எழுதுற பெரியவரு யாரு?" என்று கேட்டார்கள்.

டீச்சர் என்னைக் காட்டினார்.

"எங்களுக்கும் ஒண்ணு எழுதித் தரணும். அந்த எழுத்துல ரெண்டு இருக்காமே. எது போடுவீங்க?"

"உங்க ஊருல தண்ணி வந்துதா?"

"வந்துது."

"வெள்ளையடிச்சுட்டீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாதி ஊரு அடிச்சுட்டுது. மீதி ஊரு அடிக்கல."

பெரிய பலகைதான். இரண்டு சொல்லுக்கும் இடம் இருந்தது. பிரஷ்ஷை எடுத்தேன்.